எல்விஸின் தாளத்தில் ஒரு மான்செஸ்டர் இரவு: தி ஸ்மித்ஸின் ‘ரஷோம் ரஃபியன்ஸ்’

மான்செஸ்டரைச் சேர்ந்த ராக் குழுவான தி ஸ்மித்ஸின் இரண்டாவது ஸ்டூடியோ இசைத்தொகுப்பான ‘மீட் இஸ் மர்டர்’, 1985 பிப்ரவரியில் ரஃப் டிரேட் நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. அதில் இரண்டாவதாக வரும் ‘ரஷோம் ரஃபியன்ஸ்’ தொடங்கிய சில விநாடிகளுக்குள்ளேயே, பழைய ராக் அண்ட் ரோல் பாடல்களோடு பழக்கமுள்ள எவருக்கும் எல்விஸ் பிரெஸ்லி 1961இல் பாடிய ‘ஹிஸ் லேட்டஸ்ட் ஃப்ளேம்’ நினைவுக்கு வந்துவிடும். இந்த ஒற்றுமையைக் குழுவினர் மறைக்க முயலவில்லை. மறைத்துவிடக்கூடிய அளவில் அது இருக்கவும் இல்லை. ஆகவே எங்கிருந்து எடுத்தார்கள் என்று கண்டுபிடிப்பதில் பெருமை ஒன்றும் கிடையாது. எடுத்ததை வைத்து என்ன செய்தார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்று ராக் இசையில் ஒரு பழைய பாடலை அடியொற்றி எழுந்தவற்றுள் இவ்வளவு நுட்பமாக யோசிக்கப்பட்ட பாடல்கள் மிகச் சிலவே. ஆனால் ஒலிப்பதிவு என்ற முறையில் பார்த்தால், இந்தப் பாடலின் ஆகச் சிறந்த வடிவம் அந்தத் தொகுப்பில் இல்லை.

மூலப்பாடலை எழுதியவர்கள் டாக் போமஸ், மார்ட் ஷூமன் என்ற நியூயார்க் இரட்டையர். டெல் ஷானன் அதை 1961இல் தம் முதல் தொகுப்பில் பாடியிருந்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் நாஷ்வில் நகரில் உள்ள ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ‘ஸ்டூடியோ பி’யில் எல்விஸ் அதைப் பதிவு செய்தார். இதே இரட்டையர் எழுதிய ‘லிட்டில் சிஸ்டர்’ பாடலை மறுபக்கத்தில் கொண்டு ஆகஸ்டில் இசைத்தட்டு வெளிவந்தது. அமெரிக்காவில் நான்காம் இடம் வரை சென்ற அந்தப் பாடல், பிரிட்டனில் நவம்பரில் முதலிடத்தைப் பிடித்தது. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தி ஸ்மித்ஸின் கிட்டார் கலைஞர் ஜானி மார், அயர்லாந்திலிருந்து மான்செஸ்டருக்குக் குடியேறிய, இசையில் பெரும் பற்றுக்கொண்ட இளம் பெற்றோருக்கு 1963 அக்டோபரில் பிறந்தவர். அவருடைய தலைமுறைக்கு எல்விஸ் என்பவர் அப்பா அம்மாவின் பாடகர். எதிர்த்துக் கலகம் செய்யவேண்டிய ஆளாகவோ போற்றி வணங்கவேண்டிய ஆளாகவோ இல்லாமல், கூடத்தில் எப்போதும் இருக்கும் மேசை நாற்காலிகளைப் போல வீட்டோடு கலந்துவிட்ட குரல் அது. மாரின் கிட்டாரில் எல்விஸ் வரும்போதெல்லாம் ஒரு மேற்கோளின் விறைப்பு இல்லாமல் வருவதற்கு இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

‘ஹிஸ் லேட்டஸ்ட் ஃப்ளேம்’ பாடலின் கதை மிக எளிமையானது. நெடுநாள் நண்பன் ஒருவன் வீடு தேடி வருகிறான். தனக்குப் புதிதாகக் கிடைத்திருக்கும் காதலியைப் பற்றி, அவளுடைய பச்சைக் கண்களைப் பற்றி, மகிழ்ச்சி தாளாமல் பேசுகிறான். அவள் பெயர் மேரி. கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு அந்தப் பெயரே போதும். நேற்றுவரை அவள் அவனுடைய கையில் இருந்தவள், என்றென்றும் உனக்கே என்று வாக்குக் கொடுத்தவள். அவன் சிரித்துக்கொண்டே நண்பனை வாழ்த்தி அனுப்பிவிட்டு அழுகிறான். இந்தத் துயரத்தை எந்த இசையில் சொல்லலாம் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் மெதுவான ஒரு பாலட் வடிவத்தையே தேர்ந்தெடுப்போம். போமஸும் ஷூமனும் துள்ளி ஆடும் ஒரு தாளத்தைக் கொடுத்தார்கள். எல்விஸின் குரல் அந்தத் தாளத்தின்மேல் முகம் சுளிக்காமல், அழுகைக்கு ஒரு இம்மியும் இடம் கொடுக்காமல் போகிறது. மேஜர் கார்டுக்கும் (கார்டு என்பது ஒரே நேரத்தில் எழுப்பும் சுரக்கூட்டு) அதன் உறவான மைனர் கார்டுக்கும் இடையே கிட்டார் மாறி மாறி ஆடுவது, சிரிக்கும் முகத்தையும் அதற்குப் பின்னால் இருக்கும் மற்றொரு முகத்தையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

டாக் போமஸைப் பற்றி இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. சிறு வயதிலேயே போலியோவால் பாதிக்கப்பட்டு, ஊன்றுகோல்களின் துணையோடும் பின்னாளில் சக்கர நாற்காலியிலும் வாழ்ந்தவர் அவர். தம் திருமணத்தன்று மணமகள் பிறரோடு ஆடுவதை உட்கார்ந்து பார்த்த அனுபவத்திலிருந்துதான், 1960இல் தி டிரிஃப்டர்ஸ் பாடிப் புகழ்பெற்ற ‘சேவ் தி லாஸ்ட் டான்ஸ் ஃபார் மீ’ பிறந்தது. ஆடவேண்டிய இசையை ஆட முடியாத ஒருவரின் பார்வையிலிருந்து எழுதுவது அவருக்குக் கைவந்த வழி. ‘ஹிஸ் லேட்டஸ்ட் ஃப்ளேம்’ பாடலிலும் அந்தப் பார்வைதான் இருக்கிறது: மகிழ்ச்சி முழுவதும் எதிரே உட்கார்ந்திருப்பவனுடையது, பாடுகிறவன் வெறும் பார்வையாளன். கால் நூற்றாண்டுக்குப் பிறகு தி ஸ்மித்ஸின் பாடகரும் பாடலாசிரியருமான மாரிஸ்ஸி வந்து குடியேறுவதற்காகவே கட்டிவைத்த வீடு போல இருக்கிறது இந்த அமைப்பு.

அந்தத் தாளமும் எல்விஸுக்கோ போமஸுக்கோ சொந்தமானதில்லை. 1955இல் போ டிட்லி தம் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாடலில் பதிவு செய்த தாளம் அது. ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் தொடையிலும் மார்பிலும் தட்டி எழுப்பிய ‘ஹாம்போன்’ தாளத்தோடும், கியூப இசையின் ‘கிளாவே’ அமைப்போடும் அதற்கு நெருங்கிய உறவு உண்டு. மூன்று தட்டு, ஓர் இடைவெளி, பிறகு இரண்டு தட்டு என்று சுழலும் இந்த வடிவத்தை 1957இல் பட்டி ஹாலி ‘நாட் ஃபேட் அவே’ பாடலில் எடுத்துக்கொண்டார். 1964இல் தி ரோலிங் ஸ்டோன்ஸ் அந்தப் பாடலையே பிரிட்டனில் மறுபடி பாடிப் பெயர் பெற்றனர். மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிமை கோரலாம், தாளத்துக்குக் கோர முடியாது என்ற நடைமுறையால் போ டிட்லியின் வங்கிக் கணக்குக்கு இந்தப் பயணத்தில் பெரிய லாபம் எதுவும் கிடைத்திருக்காது. மான்செஸ்டர் இளைஞர்கள் எல்விஸிடமிருந்து கடன் வாங்கினார்கள் என்று குறை சொல்பவர்கள், கடன் கொடுத்தவரே கடனாளிதான் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தி ஸ்மித்ஸின் பதிவுக்கு வருவோம். 1984 இறுதியிலும் அதையொட்டியும் லிவர்பூலின் அமேசான் ஸ்டூடியோவிலும் சர்ரே பகுதியின் ரிட்ஜ் ஃபார்ம் ஸ்டூடியோவிலும் தயாரான தொகுப்பு இது. தயாரிப்புப் பொறுப்பைக் குழுவே ஏற்றுக்கொண்டது. ஒலிப்பொறியாளர் ஸ்டீபன் ஸ்ட்ரீட். சிந்தசைசரும் டிரம் மெஷினும் பிரிட்டிஷ் வானொலியை முழுமையாகப் பிடித்திருந்த காலம் அது. அப்படிப்பட்ட சூழலில், வேகமாக அடிக்கும் அகூஸ்டிக் கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ் என்ற கருவிகளை மட்டும் நம்பி 1961இன் தாளத்தை வாசிப்பதில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. மாரின் அகூஸ்டிக் கிட்டார் எல்விஸ் பதிவின் ஆட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, மேலும் வேகமாகவும் இடைவெளி குறைவாகவும் அடிக்கிறது. எல்விஸின் பதிவில் தட்டுகளுக்கு நடுவே காற்று புகுந்து வெளியேற இடம் இருக்கும். இங்கே அந்த இடத்தைக் கிட்டார் முழுவதுமாக அடைத்துவிடுகிறது. மைக் ஜாய்ஸ், போ டிட்லி தாளத்தை டிரம்ஸில் நேரடியாக வாசிக்காமல், ரயில் வண்டி ஓடுவது போன்ற நேரான ஓட்டத்தை ஸ்னேர் என்ற சிறு முரசில் வைத்திருக்கிறார். சுழற்சியைக் கிட்டார் பார்த்துக்கொள்கிறது, ஓட்டத்தை டிரம்ஸ் பார்த்துக்கொள்கிறது.

இந்தப் பதிவின் உண்மையான நாயகன் ஆண்டி ரோர்க். 2023 மே மாதம் காலமான அவருடைய பேஸ் வாசிப்பை வியக்க ‘பார்பரிசம் பிகின்ஸ் அட் ஹோம்’ பாடலைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். என் கணக்கில் ‘ரஷோம் ரஃபியன்ஸ்’ அதற்கு ஒரு படி மேலே. 1950களின் ராக்கபிலி இசையில் டபுள் பேஸ் வாசித்தவர்களின் குதிப்பை எலெக்ட்ரிக் பேஸுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு சுற்றிலும் சிறிது மாற்றி, ஏறி இறங்கி நடந்துகொண்டே இருக்கிறார். பாடலில் பெரிய கார்டு மாற்றங்கள் இல்லை, ஆர்ப்பாட்டமான கோரஸ் இல்லை, கிட்டார் சோலோ இல்லை. நான்கு நிமிடத்துக்கும் மேலாக ஒரே ஊஞ்சலில் ஆடும் பாட்டைச் சலிக்காமல் கேட்க வைப்பது பேஸின் இந்த நடைதான். நல்ல ஹெட்ஃபோனில் ஒருமுறை முழுக்க பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டால், பாடகரே அதைக் கேட்டுக்கொண்டுதான் பாடுகிறார் என்பது விளங்கும்.

அடுத்து வரிகள். ரஷோம் என்பது மான்செஸ்டர் நகர மையத்துக்குத் தெற்கே உள்ள பகுதி. தெற்காசிய உணவகங்கள் வரிசையாக இருக்கும் ‘கறி மைல்’ என்ற சாலைப்பகுதியால் இன்று அதன் பெயர் வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். மாரிஸ்ஸி எழுதுவது அந்த ரஷோமைப் பற்றி இல்லை. ஊர் ஊராகச் சென்று ராட்டினங்களை நிறுத்தும் கேளிக்கைத் திடல் ஒன்று அங்கே வந்திருக்கிறது, இன்று அதற்குக் கடைசி இரவு. பெரிய ராட்டினத்துக்கு மின்சாரம் கொடுக்கும் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு பையன் கத்தியால் குத்தப்படுகிறான், அவனிடமிருந்த பணம் பறிபோகிறது. சுழலும் ராட்டினத்தில் ஒரு பெண்ணின் பாவாடை பறக்க, யாரோ ஒருவனின் கண் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ராட்டினத்தை இயக்கும் இளைஞனின் எண்ணெய் தடவிய தலைமுடியைக் கண்டே ஒரு பெண்ணின் நெஞ்சு நடுங்குகிறது. பள்ளி மாணவி ஒருத்தி, பாராசூட் ராட்டினத்தின் உச்சியிலிருந்து குதித்தால் எவ்வளவு சீக்கிரம் செத்துப்போவேன் என்று கேட்கிறாள். ஒருவர் காதலில் விழுகிறார், ஒருவர் அடி வாங்குகிறார். இரண்டும் ஒரே வாக்கியத்தில், ஒரே குரலில், ஒரே எடையோடு சொல்லப்படுகின்றன. கடைசியில் கதைசொல்லி தனியாக வீட்டுக்கு நடக்கிறான். ஆனாலும் காதல்மீது தனக்கு இருக்கும் பக்தி குறையவில்லை என்கிறான்.

மாரிஸ்ஸியின் கைக்குக் கிடைத்த கச்சாப்பொருள் எல்விஸிடமிருந்து மட்டும் வரவில்லை. லங்காஷயரின் பிரெஸ்ட்விச் ஊரில் பிறந்த நகைச்சுவைக் கலைஞரும் பாடலாசிரியருமான விக்டோரியா வுட், பதினான்கு வயதுக்குத் திரும்பிப்போக ஆசைப்படும் ஒரு பெண்ணின் குரலில் ‘ஃபோர்ட்டீன் அகெய்ன்’ என்ற பாடலைப் பாடியிருந்தார். திடலின் கடைசி இரவு, ஜெனரேட்டர்களுக்குப் பின்னால் நடக்கும் முத்தம், ராட்டினக்காரனின் பிரில்கிரீம் பூசிய தலையில் வண்ண விளக்குகள் பிரதிபலிப்பது ஆகிய எல்லாம் அவருடைய பாட்டில் ஏற்கெனவே உள்ளவை. எல்விஸுக்கு மார் பட்ட கடனை விட, விக்டோரியா வுட்டுக்கு மாரிஸ்ஸி பட்ட கடன் பெரியது என்றே சொல்வேன். அதைப் பற்றிப் பேசப்படுவது குறைவு, ஏனெனில் நகைச்சுவைப் பாடகிகளிடமிருந்து எடுப்பதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. ஆயினும் எடுத்தவர் இடம் மாற்றி வைத்ததையும் கவனிக்க வேண்டும். வுட்டின் பாட்டில் ஜெனரேட்டருக்குப் பின்னால் முத்தம் இருந்த இடத்தில், மாரிஸ்ஸி கத்தியை வைக்கிறார். ஏக்கமாக இருந்த நினைவு, அச்சமும் ஆசையும் பிரித்தறிய முடியாதபடி கலந்த ஒன்றாக மாறுகிறது.

இரண்டு ஊற்றுகளும் சேரும் இடத்தில்தான் இந்தப் பாடலின் நுட்பம் இருக்கிறது. எல்விஸின் பாட்டிலிருந்து தாளத்தையும் கார்டுகளின் ஆட்டத்தையும் எடுத்தார்கள் என்று சொல்வது பாதிதான் உண்மை. மகிழ்ச்சியான இசைக்கு நடுவில் மகிழ்ச்சியில் பங்கில்லாத ஒருவனை நிறுத்தும் அமைப்பையே அவர்கள் எடுத்தார்கள். ஆனால் எல்விஸ் பாடிய கதையில் இழப்பதற்கு ஒரு மேரி இருக்கிறாள். அவளுக்குக் கண்ணின் நிறம் உண்டு, பெயர் உண்டு, மீறப்பட்ட வாக்குறுதி ஒன்றும் உண்டு. மாரிஸ்ஸியின் கதைசொல்லிக்கு இழப்பதற்கு எவரும் இல்லை. அவன் பார்க்கும் மனிதர்களுக்குப் பெயரும் இல்லை. ஆயினும் தனியாக நடந்து வீடு திரும்பும்போது காதலின்மேல் நம்பிக்கை குன்றாமல் இருப்பவன் அவன் ஒருவனே. எல்விஸின் நாயகன் காதலைக் கண்டவன், அதனால் அழுகிறான். ரஷோமின் நாயகன் காதலைக் காணாதவன், அதனால் நம்புகிறான். அவன் பார்த்த காதல்களெல்லாம் பணத்துக்கும் பார்வைக்கும் அடிதடிக்கும் பக்கத்திலேயே இருந்தவை என்பதால், அந்த நம்பிக்கை கேலியா உண்மையா என்று பாட்டு தீர்ப்புச் சொல்வதில்லை. நான் உண்மை என்ற பக்கமே சாய்கிறேன். பாடகரின் குரல் அந்த ஒரு வரியில் மட்டும் சற்று இளகுவது காரணம்.

தாளத்துக்கும் இந்தக் காட்சிக்கும் இன்னொரு பொருத்தமும் உண்டு. 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் பிரிட்டனின் ராட்டினத் திடல்கள்தாம் ராக் அண்ட் ரோல் உரத்து ஒலித்த இடங்கள். வானொலியில் கிடைக்காத சத்தத்தில் பாடல்களைக் கேட்க இளைஞர்கள் அங்கே போனார்கள். ஆகவே இந்தப் பாடலில் எல்விஸின் தாளம் வெறும் பின்னணியாக நிற்காமல், காட்சிக்குள்ளேயே இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து வருவதாகவும் கேட்கலாம். சுற்றிச் சுற்றி ஆடும் இரண்டு கார்டுகள் ராட்டினமாகவே ஆகிவிடுகின்றன. பெரிய கோரஸ் இல்லாததற்கும் இதில் நியாயம் இருக்கிறது. ராட்டினம் எங்கேயும் போய்ச் சேர்வதில்லை.

இவ்வளவு பாராட்டிய பிறகும், ‘மீட் இஸ் மர்டர்’ தொகுப்பில் உள்ள பதிவில் எனக்குக் குறைகள் உண்டு. முதலாவது, நீளம். இரண்டு நிமிடத்தில் எல்விஸ் முடித்த ஆட்டத்தை நான்கு நிமிடம் இருபது விநாடிக்கு இழுக்கும்போது, கடைசிப் பகுதியில் காட்சிகள் தீர்ந்து ஆட்டம் மட்டும் மிச்சமாகிறது. இரண்டாவது, மாரிஸ்ஸியின் குரல் பெரும்பகுதி ஒரே உயரத்தில், அக்கறையற்றவன் போன்ற தொனியில் நிற்கிறது. அது திட்டமிட்ட தேர்வு என்பது தெரிகிறது. கத்திக்குத்தையும் காதலையும் ஒரே தொனியில் சொன்னால்தான் திகில் வரும். ஆனாலும் குரல் கலவையில் சற்றுப் பின்தள்ளி நிற்பதால், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு வரிகளில் பாதி முதல் கேட்பில் நழுவிவிடும். வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது இந்தப் பாடலுக்குக் குறைவு ஏற்படுத்தாது. மூன்றாவது, டிரம்ஸின் ஒலி. ஜாய்ஸின் வாசிப்பில் பிழை இல்லை. பதிவான விதத்தில் ஸ்னேர் மெல்லியதாகவும் உலர்ந்ததாகவும் இருக்கிறது. ‘ஸ்டூடியோ பி’யின் அறை எல்விஸின் டிரம்ஸுக்குக் கொடுத்த உடம்பு இங்கே இல்லை.

இந்தக் குறைகள் பாடலுடையவை இல்லை, அந்தப் பதிவினுடையவை என்று நான் சொல்வதற்கு மற்ற இரண்டு வடிவங்கள் சான்று. 1984 ஆகஸ்டில் பி.பி.சி. ரேடியோ 1இல் ஜான் பீல் நிகழ்ச்சிக்காகக் குழு இதை வாசித்தது. தொகுப்பு வெளிவருவதற்கு அரை ஆண்டுக்கு முந்தைய அந்த வடிவம், 1987 டிசம்பரில் ‘லாஸ்ட் நைட் ஐ டிரெம்ட் தட் சம்படி லவ்டு மீ’ என்ற கடைசித் தனிப்பாடல் தட்டின் மறுபக்கத்தில் கிடைத்தது. மாரிஸ்ஸி தேர்ந்தெடுத்த அந்தத் தட்டின் உறையில் இருப்பவர், எல்விஸுக்கு லிவர்பூல் தந்த பதில் என்று சொல்லத்தக்க பில்லி ஃப்யூரி. அதே ஆண்டின் தொடக்கத்தில் வந்த ‘ஷாப்லிஃப்டர்ஸ் ஆஃப் தி வேர்ல்டு யுனைட்’ தட்டின் உறையில் இருந்தவரோ இளம்வயது எல்விஸ் பிரெஸ்லியே. குழுவுக்கும் பழைய ராக் அண்ட் ரோலுக்கும் உள்ள உறவை இந்த இரு உறைகளும் ஒளிவுமறைவின்றிச் சொல்கின்றன. பீல் வடிவத்தில் அவசரம் சற்றுக் கூடுதல், மெருகு சற்றுக் குறைவு. நேரமில்லாமல் வாசிக்கும் குழுவுக்கே உரிய சுறுசுறுப்பு அதில் இருக்கிறது. ஆவலுள்ளவர்கள் தேடிக் கேட்கலாம். அவசியம் என்று சொல்லமாட்டேன்.

அவசியமானது ‘ரேங்க்’. 1986 அக்டோபர் 23 அன்று லண்டனின் கில்பர்ன் பகுதியில் உள்ள நேஷனல் பால்ரூமில் நடந்த நிகழ்ச்சியின் பதிவு அது. குழு கலைந்த மறு ஆண்டு, 1988 செப்டம்பரில் வெளிவந்தது. அதில் மாரிஸ்ஸி முதலில் ‘ஹிஸ் லேட்டஸ்ட் ஃப்ளேம்’ பாடலின் தொடக்கத்தைப் பாடுகிறார். பழைய நண்பன் வந்த செய்தி, மேரியின் பெயர். பிறகு இசை ஒரு நொடியும் நிற்காமல், தாளம் மாறாமல், ‘ரஷோம் ரஃபியன்ஸ்’ தொடங்கிவிடுகிறது. இரண்டு பாடல்களின் உறவைப் பற்றி இந்தக் கட்டுரையில் நான் சொல்ல முயன்ற அனைத்தையும் அந்த ஒரு மாற்றம் செய்து காட்டிவிடுகிறது. காதலியை நண்பனிடம் இழந்தவன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு நேராக ராட்டினத் திடலுக்கு நடந்து வந்தவனாக ஆகிறான். அந்த இரவின் வன்முறையையும் ஆசையையும் அவன் ஏன் அத்தனை உணர்வற்ற கண்ணோடு பார்க்கிறான் என்பதற்கு ஒரு முன்கதை கிடைக்கிறது. ஸ்டூடியோ வடிவத்தில் இல்லாத மேரி இங்கே பாட்டின் வாசலிலேயே நிற்கிறாள். ‘மீட் இஸ் மர்டர்’ வெளிவந்தபோது மாரிஸ்ஸி, மார் பெயர்கள் மட்டும் இருந்த ஆசிரியர் பட்டியலில் ‘ரேங்க்’ உறையில் போமஸ், ஷூமன் பெயர்களும் சேர்ந்திருப்பது, முறையாகச் செய்யவேண்டிய மரியாதை முறையாகச் செய்யப்பட்டதைக் காட்டுகிறது.

இசையாகவும் ‘ரேங்க்’ வடிவம் மேலானது. அந்த இசைப் பயணத்தில் கிரெய்க் கேனன் இரண்டாவது கிட்டாராகச் சேர்ந்திருந்தார். ஸ்டூடியோவில் மார் அடுக்கடுக்காகப் பதிவு செய்த கிட்டார்களை இரண்டு பேர் மேடையில் ஒரே மூச்சில் வாசிக்கும்போது தாளத்துக்கு உடம்பு வந்துவிடுகிறது. ஜாய்ஸின் டிரம்ஸ் அறை நிறைய ஒலிக்கிறது. மாரிஸ்ஸி அக்கறையற்ற தொனியை விட்டுவிட்டு உரக்க, சில இடங்களில் உறுமலோடு பாடுகிறார். எல்விஸைப் போல் நடித்துக் காட்டும் ஆசையை அவரால் முழுக்க அடக்க முடியவில்லை, அடக்காததும் நல்லதே. இரண்டு பாடல்கள் சேர்ந்தும் மொத்த நீளம் ஸ்டூடியோ பதிவை விடக் குறைவு என்பதால், நான் சொன்ன முதல் குறையும் தீர்ந்துவிடுகிறது. ரோர்க்கின் பேஸ் மட்டும் கூட்டத்தின் இரைச்சலில் கொஞ்சம் மங்குகிறது. அதற்காகவேனும் ஸ்டூடியோ பதிவு கையில் இருக்க வேண்டும்.

இதே 1985இல் தி ஜீசஸ் அண்ட் மேரி செய்ன் குழு, தி ரோனெட்ஸ் 1963இல் பாடிய ‘பி மை பேபி’யின் தொடக்க டிரம்ஸை எடுத்து ‘ஜஸ்ட் லைக் ஹனி’ பாடலைத் தொடங்கியது. அது மிக அழகான பாடல். ஆனால் அங்கே பழைய தாளம் ஒரு வாசனையாக நின்றுவிடுகிறது. எடுத்த பொருளின் உள்ளே இருந்த கதையோடு வாதம் செய்வதை ‘ரஷோம் ரஃபியன்ஸ்’ பாடலில்தான் கேட்க முடிகிறது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ‘மீட் இஸ் மர்டர்’ தொகுப்பின் பிரிட்டிஷ் பதிப்பில் ஒன்பது பாடல்கள். அமெரிக்கப் பதிப்பில் ‘ஹவ் சூன் இஸ் நவ்?’ கூடுதலாக இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் வைக்கப்பட்டது. அது அருமையான பாடல் என்றாலும் தொகுப்பின் ஒலியோடு ஒட்டாதது. தொகுப்பை அதன் ஒழுங்கில் கேட்க விரும்புகிறவர்கள் ஒன்பது பாடல் பதிப்பையே தேர்வது நல்லது. 2011இல் ஜானி மாரின் மேற்பார்வையில் எல்லாத் தொகுப்புகளும் மறுசீரமைக்கப்பட்டு வெளிவந்தன. அந்தப் பதிப்பில் பேஸ் முன்னைவிடத் தெளிவாக இருப்பதால், ‘ரஷோம் ரஃபியன்ஸ்’ பாடலைப் பொறுத்தவரை நான் அதையே பரிந்துரைப்பேன், பழைய சி.டி.யை வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்வதற்கு இந்த ஒரு பாடலே போதுமான காரணம். ஒன்றை மட்டும் வாங்க முடியுமென்றால் ‘ரேங்க்’ வாங்குங்கள். பணம் செலவழிக்க விருப்பமில்லாதவர்களும் ஸ்ட்ரீமிங் செயலியில் எல்விஸின் பதிவு, ‘ரேங்க்’ பதிவு, ஸ்டூடியோ பதிவு என்ற வரிசையில் மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.